‘அனுப்புங்க’ என்பதில் இருக்கும் ‘ங்க’ ஆங்கிலத்தில் எங்கே போகிறது? ஓரகடம் ஷிஃப்ட்டில் தினமும் தொலையும் மரியாதை

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். ஓரகடம் சிப்காட்டில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனி. மாலை ஆறரை மணி, பி ஷிஃப்ட். தரப் பிரிவில் இருக்கும் டிப்ளமோ டிரெய்னிக்கு, திருத்தப்பட்ட டிராயிங் ஒன்று அவசரமாக வேண்டும். அது கொரியாவிலிருந்து வந்திருக்கும் இன்ஜினீயரிடம் இருக்கிறது. அவர் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது இது: “சார், அந்த டிராயிங்கை இன்னைக்கே கொஞ்சம் அனுப்பிடுங்க சார்.” போனில் அவர் தட்டுவது இது: ‘சார், சென்ட் தட் டிராயிங் டுடே இட்செல்ஃப்.’

தமிழில் கெஞ்சல். ஆங்கிலத்தில் உத்தரவு.

டிராயிங் வந்துவிடும், அதில் சிக்கல் இல்லை. ஆனால், ‘இந்தப் பையன் என்னை வேலை வாங்குகிறானே’ என்று அந்தப் பக்கம் ஒரு சின்ன நெருடலும் சேர்ந்து வரும். அது ஆறு மாதம் கழித்து, கன்ஃபர்மேஷன் படிவத்தில் ‘அட்டிட்யூட்’ என்ற கட்டத்துக்கு எதிரே வந்து உட்காரும்போது, எந்த மெசேஜால் இது வந்தது என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் இருக்காது.

காட்சி கற்பனைதான். ஆனால் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஓரகடம் வரை கம்பெனி பஸ்ஸில் போய் வரும் யாருக்கும் இது புதிதாக இருக்காது. 1996-ல் ஹூண்டாய் இந்தியாவில் கால் பதித்து, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோவை வெளியே அனுப்பியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது (2014 நவம்பரில் கதவை மூடியது). ஓரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர். சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங், ஃபாக்ஸ்கான். கொரியா, பின்லாந்து, பிரான்ஸ், ஜப்பான், ஜெர்மனி, தைவான் என்று ஒவ்வொரு நாடாக வந்தாலும், பேசுவதற்குப் பொதுவாகக் கிடைத்தது ஒரே மொழிதான், ஆங்கிலம். இதில் வேடிக்கை என்னவென்றால், பேசும் இரண்டு பேரில் பெரும்பாலும் ஒருவருக்குக்கூட அது தாய்மொழி இல்லை.

வினைச்சொல்லில் ஒளிந்திருக்கும் மரியாதை

தமிழில் ஒருவரிடம் எதையாவது கேட்கும்போது மரியாதை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில். ‘கொடு’ என்பது கட்டளை. ‘கொடுங்க’ என்றால் மரியாதை. ‘ங்க’ என்ற அந்த ஒரு அசையிலேயே ‘நீங்கள் பெரியவர், நான் கேட்டுக்கொள்கிறேன்’ என்பது முழுதாக அடங்கிவிடுகிறது. ‘தயவுசெய்து’ என்று யாரும் வீட்டிலோ கடையிலோ சொல்வதில்லை. அது அறிவிப்புப் பலகைக்கும் ரயில்வே மைக்குக்கும் உரிய வார்த்தை. “அண்ணே, ரெண்டு டீ கொடுங்க” என்பதே முழு மரியாதை.

ஆங்கில வினைச்சொல்லுக்கு இந்த வால் கிடையாது. ‘கிவ்’ என்பது முதலாளிக்கும் ‘கிவ்’, மூன்று வயதுக் குழந்தைக்கும் ‘கிவ்’. எனவே ‘கொடுங்க’ என்பதை நேராக மாற்றினால் ‘கிவ் மீ’ ஆகிவிடுகிறது, ‘ங்க’ வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. நம்மாட்கள் இதை உள்ளுக்குள் உணர்கிறார்கள். அதனால்தான் உதிர்ந்த மரியாதைக்கு ஈடாக ‘சார்’ சேர்க்கிறார்கள். ‘சார், கிவ் மீ சார்.’ முன்னால் ஒரு சார், பின்னால் ஒரு சார். ஆனால் இரண்டு சாருக்கு நடுவே நின்றாலும் கட்டளை கட்டளைதான்.

அப்படியென்றால் ஆங்கிலம் மரியாதையை எங்கே வைக்கிறது? வாக்கியத்தின் அமைப்பில். கட்டளையைக் கேள்வியாக மாற்றுவதுதான் அதன் முக்கிய உத்தி. ‘சென்ட்’ என்பது ‘குட் யூ சென்ட்?’ ஆகிறது. கேள்வி என்று வந்துவிட்டால், எதிராளிக்கு ‘இல்லை, இப்போது முடியாது’ என்று சொல்ல ஒரு வாசல் திறக்கிறது. அவர் அந்த வாசல் வழியாகப் போகப் போவதில்லை, அது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் வாசல் இருக்க வேண்டும். ஆங்கில மரியாதையின் சூட்சுமம் பெருமளவு இந்தத் திறந்த வாசலில்தான் இருக்கிறது.

‘ணும்’ என்று முடியும் வாக்கியங்களும் இதே போல ஆபத்தானவை. “சார், நீங்க ஒரு கையெழுத்து போடணும்” என்பது தமிழில் சாதாரணம். அதையே ‘சார், யூ மஸ்ட் சைன்’ என்றால், கோர்ட்டில் அமீனா வந்து நிற்பது போல இருக்கும். “என்ன வேணும்?” என்று அக்கறையாகக் கேட்பதாக நினைத்து ‘வாட் டூ யூ வான்ட்?’ என்பதும், போனை எடுத்து “சொல்லுங்க சார்” என்பதற்கு ‘டெல் மீ சார்’ என்பதும் இதே குடும்பம்தான்.

இலக்கணப் பிழையைவிடப் பெரிய பிழை

இங்கிலீஷ் சரியா வராதுன்னு தெரியும்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்க மாட்டாங்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜென்னி தாமஸ் 1983-ல் எழுதிய ஒரு கட்டுரை இதற்குத்தான் பதில் சொல்கிறது. ஒருவர் இலக்கணத்தில் தப்பு செய்தால், ‘இவருக்கு மொழி இன்னும் பழகவில்லை’ என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். ஆனால் இலக்கணம் சரியாக இருந்து, கேட்கும் தொனி தவறினால், பழி மொழி மீது விழாது, ஆள் மீது விழும். ‘இவர் முரட்டு ஆள்’ என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இதன்படி பார்த்தால், தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசுபவரைவிட, ஓரளவு சரளமாகப் பேசுபவருக்குத்தான் ஆபத்து அதிகம். முதலாமவருக்குக் கிடைக்கும் சலுகை இவருக்குக் கிடைக்காது. டிப்ளமோ, பி.இ. முடித்து டிரெய்னியாக வரும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நிற்பது சரியாக இந்த இடத்தில்தான்.

மரியாதையைப் பற்றி உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஒரு கோட்பாட்டில் தமிழ்நாட்டுக்கும் பங்கு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பெனலோபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978-ல் வெளியிட்டு, 1987-ல் தனி நூலாகவும் வந்த ஆய்வு அது. மூன்று மொழிகளை அவர்கள் அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்று ஆங்கிலம், இன்னொன்று மெக்சிகோவின் மாயா பழங்குடிகள் பேசும் செல்ட்டால், மூன்றாவது தமிழ். கோவை வட்டாரக் கிராமம் ஒன்றில் லெவின்சன் சேகரித்த பேச்சுத் தமிழ்.

அவர்கள் சொன்னதன் சாரம் எளிமையானது. ஒரு உதவி கேட்கும்போது நாம் மூன்றை எடை போடுகிறோம். எதிரில் இருப்பவருக்கு என்மேல் எவ்வளவு அதிகாரம்? எனக்கும் அவருக்கும் எவ்வளவு பழக்கம்? நான் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம்? மூன்றின் எடையும் கூடக் கூட, கேட்கும் முறையும் சுற்றி வளைக்கும். பக்கத்து ஸ்டேஷன் நண்பனிடம் பேனா கேட்க ‘பென் இருக்கா?’ போதும். பிளான்ட் ஹெட்டிடம் மூன்று நாள் லீவு கேட்க அது போதாது.

அந்தக் கிராமத்தில் யார் யாரிடம் எப்படிப் பேசினார்கள் என்பதில் சாதிப் படிநிலையும் வெளிப்படையாக இருந்தது, அவர்கள் அதையும் பதிவு செய்தார்கள். இந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியாக வேண்டும். ‘யூ’ என்பதில் ‘நீ’யும் இல்லை, ‘நீங்க’ளும் இல்லை. பிறந்த ஊரில் வயதில் சின்னவர்களிடமும் ‘நீ, வா, போ’ என்று வாங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு, எல்லோரையும் ஒரே ‘யூ’வால் கூப்பிடும் மீட்டிங் ரூம் கொஞ்சம் மூச்சுவிடும் இடமாக இருக்கலாம்.

‘மே ஐ கம் இன்’னுக்கும் லீவ் லெட்டருக்கும் நடுவில்

நம் பள்ளிகள் பணிவாகக் கேட்கும் ஆங்கிலத்தைச் சொல்லித்தரவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு சொல்லித்தருகின்றன. ஒன்று, வகுப்பு வாசலில் நின்று ‘மே ஐ கம் இன் சார்?’ (கூடவே டாய்லெட் போக ஒரு ‘மே ஐ’). இன்னொன்று, லீவ் லெட்டர். ‘ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கி, ‘கைண்ட்லி கிரான்ட் மீ லீவ்’ என்று முடியும் அந்தக் கடிதத்தை மனப்பாடம் செய்யாமல் தமிழ்நாட்டில் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியிருக்க முடியாது. காய்ச்சல் இல்லாதபோதும் காய்ச்சல் என்று எழுதிய கைகள்தான் எல்லாமே.

பிரச்சினை, இந்த இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லாததுதான். பேசும்போது ‘கிவ் லீவ் சார்’, எழுதும்போது ‘ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யுவர் குட்செல்ஃப்’. வேலையிடத்தில் நாள் முழுக்கத் தேவைப்படுவது நடுவில் இருக்கும் சாதாரண மரியாதை. அது பாடத்தில் வரவில்லை.

அந்த மனு மொழிக்கு ஒரு சரித்திரம் உண்டு. ‘டூ தி நீட்ஃபுல்’ போன்றவை பிரிட்டிஷ் ஆட்சிக்கால அலுவலகங்களில் புழங்கிய ஆங்கிலம். பிரிட்டன் அதை விட்டுவிட்டது, நம் தாலுகா ஆபீஸும் ஈமெயிலும் விடவில்லை. இந்தியாவுக்குள் அனுப்பினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும்போதுதான் உரசுகிறது. ‘கைண்ட்லி சென்ட் தி ரிப்போர்ட்’ என்பது நமக்குக் கனிவு. ஆனால் அமெரிக்கர்கள் பலருக்கு அது விறைப்பாக, பல் கடித்துக்கொண்டு சொல்வது போலக் கேட்கும். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் நமக்கு ‘ஒரு சந்தேகம், விளக்குங்க’. அவர்களுக்கு ‘நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை’. ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்றால் தொல்லை இல்லை.

‘ப்ளீஸ்’ போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். அலுவலக ஈமெயில்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், பிரிட்டிஷ்காரர்கள் அமெரிக்கர்களைப்போலச் சுமார் இரு மடங்கு ‘ப்ளீஸ்’ பயன்படுத்துவது தெரியவந்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. ‘ப்ளீஸ் சென்ட்’ என்பதில் கட்டளை அப்படியேதான் இருக்கிறது, மேலே கொஞ்சம் சர்க்கரை தூவியிருக்கிறோம், அவ்வளவே.

தமிழிலேயே இருக்கிறது சாவி

இதற்காகப் புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் நல்ல செய்தி. தமிழிலும் ‘ங்க’ மட்டுமே மரியாதை இல்லை. பெரிய விஷயம் கேட்கப் போகும்போது நாம் எப்படிப் பேசுகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். “சார்கிட்ட ஒரு விஷயம் கேட்கலாம்னு வந்தேன்.” கேட்கப்போவது இனிமேல்தான், ஆனால் ‘வந்தேன்’ என்று இறந்த காலம். விஷயத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பேசுகிறோம். ஆங்கிலமும் அச்சாக இதையே செய்கிறது. ‘ஐ வான்டட் டு ஆஸ்க்’, ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப்’ எல்லாம் இறந்த காலம்தான். ‘கேன்’ என்பதைவிட ‘குட்’ பணிவாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

“முடிஞ்சா கொஞ்சம் பாருங்க” என்பதில் வரும் ‘முடிஞ்சா’வுக்கு ‘இஃப் யூ கேன்’. “உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா” என்பதற்கு ‘இஃப் இட்ஸ் நாட் டூ மச் டிரபிள்’. “ஒரு அஞ்சு நிமிஷம் கிடைக்குமா?” என்பது ‘டூ யூ ஹேவ் ஃபைவ் மினிட்ஸ்?’ என்று வரிக்கு வரி ஒத்துப்போகிறது. அதாவது, சூப்பர்வைசரிடம் பேசும் தமிழை மொழிபெயர்ப்பதற்குப் பதிலாக, பெண் வீட்டாரிடம் பேசும் தமிழை மொழிபெயர்த்தால் ஆங்கிலம் தானாகச் சரியாகிவிடும்.

ஒரே ஒரு கண்ணி மட்டும் கவனம்: ‘வுட் யூ மைண்ட்?’ ஒருவர் ‘வுட் யூ மைண்ட் செக்கிங் திஸ் ஒன்ஸ் மோர்?’ என்று கேட்டால், உதவ நினைக்கும் நம் ஆள் சட்டென்று ‘யெஸ் சார்!’ என்பார். நேர் அர்த்தத்தில் அது ‘ஆமாம், எனக்கு ஆட்சேபம் இருக்கிறது’ என்றாகிவிடும். ‘ஷ்யூர்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பதே பாதுகாப்பு.

அந்தப் பக்கமும் ‘ங்க’ தொலைகிறது

இதுவரை சொன்னது நம் பக்கத்துக் கதை. எதிரில் நிற்கும் கொரியரின் நிலைமையையும் பார்க்கலாம். கொரிய மொழியில் மரியாதை எங்கே இருக்கிறது தெரியுமா? வினைச்சொல்லின் வாலில். ‘ஜுசேயோ’ என்றால் ‘கொடுங்க’. அதில் கடைசியில் வரும் ‘யோ’தான் நம் ‘ங்க’வின் வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்துக்கு வரும்போது அவருக்கும் அந்த ‘யோ’ உதிர்ந்துவிடும். ‘யூ டூ திஸ் டுடே’ என்று அவர் சொல்லும்போது, மனதுக்குள் ‘இதை இன்னைக்குச் செஞ்சு கொடுங்க’ என்றே நினைத்திருக்கலாம். இங்கே கேட்பவருக்கு அது அதட்டலாகக் கேட்கும். தமிழர் பேசினால் கொரியருக்கு முரட்டுத்தனம், கொரியர் பேசினால் தமிழருக்கு அதிகாரம். இரண்டு பேரும் ஒரே மாதிரி மரியாதையை ஒரே இடத்தில் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள்.

ஜப்பானியர்களிடம் ‘சோட்டோ’ என்று ஒரு வார்த்தை உண்டு. நேர் அர்த்தம் ‘கொஞ்சம்’. “கொஞ்சம் இங்க வாங்க” என்று நாம் கூப்பிடும்போது, பாதி தூரம் வந்தால் போதும் என்றா சொல்கிறோம்? அதே மென்மைக்காகத்தான் அவர்களும் ‘சோட்டோ’ சேர்க்கிறார்கள். மறுப்பதற்கும் அதேதான். ‘அது சோட்டோ…’ என்று இழுத்தால் ‘முடியாது’ என்று பொருள். “கொஞ்சம் கஷ்டம்தான்” என்று நம்மூரில் சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

‘ப்ளீஸ்’ சொல்லக் கூடாத நேரம்

பணிவு எப்போதும் நல்லது என்று நினைப்பவர்களுக்கு 1990 ஜனவரி 25 அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா 52 விமானம், மோசமான வானிலையால் நீண்ட நேரம் வானில் வட்டமடித்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. ஸ்பானிஷ் தாய்மொழியாகக் கொண்ட விமானிகள், கட்டுப்பாட்டு அறையிடம் ‘பிரயாரிட்டி’ கேட்டார்கள். எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். ஆனால் ‘எமர்ஜென்சி’ என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. அந்த வார்த்தை வராததால், மறுமுனைக்கு அவசரத்தின் அளவு எட்டவில்லை. விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

ஷாப் ஃப்ளோரில் விமானம் இல்லை, பிரஸ் மெஷின் இருக்கிறது. சக ஊழியரின் கை உள்ளே இருக்கும்போது, ‘எக்ஸ்கியூஸ் மீ சார், குட் யூ ப்ளீஸ்…’ என்று தொடங்க முடியாது. ‘ஸ்டாப்!’ மட்டும்தான். எந்த நாட்டுக்காரரிடமும், எந்தப் பதவியில் இருப்பவரிடமும். அதற்காக யாரும் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் தப்பு அவருடையது. சொன்னது புரியாதபோதும் இதேதான். ‘யெஸ் சார்’ என்று தலையாட்டிவிட்டுப் போய்த் தப்பாகப் பொருத்துவதைவிட, ‘ஸாரி, குட் யூ சே தட் அகெயின்?’ என்று இரண்டாவது தடவை கேட்பது எவ்வளவோ மேல். அதிகாரத்துக்குப் பயந்து கேட்காமல் இருப்பது பணிவு ஆகாது.

கேட்பதா, கோருவதா?

தமிழில் ‘கோரிக்கை’ என்ற சொல் விசித்திரமானது. கலெக்டரிடம் கைகட்டி நின்று கொடுப்பதும் கோரிக்கை மனு, தொழிற்சங்கம் மேஜையைத் தட்டி வைப்பதும் கோரிக்கைப் பட்டியல். ஆங்கிலத்தில் முதலாவது ‘ரிக்வெஸ்ட்’, இரண்டாவது ‘டிமாண்ட்’. எச்.ஆருக்கு எழுதும் ஈமெயிலில் ‘மை டிமாண்ட் இஸ்’ என்று போட்டால் தொனியே மாறிவிடும்.

எல்லாவற்றையும் ‘ரிக்வெஸ்ட்’ ஆக்கவும் முடியாது. 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. சங்கத்துக்கு அங்கீகாரம் என்பது அதன் மையக் கோரிக்கை. அதை ‘குட் யூ ப்ளீஸ்’ என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பணிவாகப் பேசும் பயிற்சியைக் கம்பெனிகள் கீழே இருப்பவர்களுக்கு மட்டுமே கொடுப்பதும் உறுத்தும் விஷயம்தான். கத்திப் பேசும் லைன் லீடருக்கும் அதே வகுப்பில் ஒரு நாற்காலி போட்டால் என்ன?

தனி ஒருவர் லீவு கேட்கும் இடத்திலும் இந்த வேறுபாடு உதவும். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே இருக்கும் உரிமை. உரிமையைக் கேட்க ‘ஹம்ப்ளி’ தேவையில்லை, ‘ஐ வான்ட் லீவ்’ என்று முறைக்கவும் வேண்டாம். ‘ஐ வுட் லைக் டு டேக் மண்டே அண்ட் டியூஸ்டே ஆஃப். மை சிஸ்டர்ஸ் எங்கேஜ்மென்ட் இஸ் ஆன் மண்டே. மை ரிலீவர் ஹேஸ் அக்ரீட் டு கவர். இஸ் தட் ஓகே?’ நான்கே வரி. என்ன வேண்டும், ஏன், வேலையை யார் பார்ப்பார்கள் எல்லாம் வந்துவிட்டது. காய்ச்சல் வரவில்லை. வாயால் கேட்டு ‘சரி’ வாங்கியிருந்தாலும் இதை ஈமெயிலில் போட்டுவிடுவது நல்லது. ‘நீ சொல்லவே இல்லையே’ என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

சாட்டில் இன்னொரு நோய் இருக்கிறது. ‘ஹாய் சார்’ என்று போட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது. தமிழில் “சார், இருக்கீங்களா?” என்று வாசலில் நின்று குரல் கொடுக்கும் பழக்கம் அது. சாட்டில் எதிராளிக்கு அது அரைமணி நேரத் தலைவலி. ‘ஹாய்’ உடனே விஷயம், ஒரே மெசேஜில்.

இனி, முதலில் பார்த்த அந்த டிராயிங்குக்கு வருவோம். பி ஷிஃப்ட், மாலை ஆறரை. அதே டிரெய்னி, அதே போன்:

‘ஹாய் சார், குட் யூ சென்ட் மீ தி ரிவைஸ்டு டிராயிங் பை எய்ட் டுநைட்? வீ ஸ்டார்ட் தி டிரையல் அட் நைன். தேங்க் யூ.’

‘டுடே இட்செல்ஃப்’ போய், ‘எட்டு மணிக்குள்’ வந்திருக்கிறது. ஒன்பதுக்கு டிரையல் என்ற காரணமும் இருக்கிறது. ‘சார்’ இரண்டிலும் ஒன்றேதான். மொத்தம் பதினெட்டு இருபது வார்த்தை, கேன்டீன் டீ ஆறுவதற்குள் தட்டிவிடலாம்.